சீழுக்குள் ஒரு திராட்சைக் கொத்து: ஸ்டஃபைலோகாக்கஸைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் யார்? பால் கட்டும் தாய்மாருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

கம்பம் பள்ளத்தாக்குன்னு சொன்னாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பன்னீர் திராட்சைதான். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சின்ன ஓவுலாபுரம் பக்கம் போனால் பந்தலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். 2023-ல் இந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தக் கொத்தை அப்படியே சுருக்கி, ஒவ்வொரு பழத்தையும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காக ஆக்கினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பெயரிலேயே திராட்சை இருக்கிறது. கிரேக்க மொழியில் 'ஸ்டஃபைலே' என்றால் திராட்சைக் கொத்து. 'காக்கஸ்' என்றால் மணி, அதாவது உருண்டை விதை.

குழந்தை பெற்ற பெண்களுக்கு மார்பில் பால் கட்டி, வலியும் காய்ச்சலும் வந்து, கடைசியில் சீழ் பிடிக்கிறது என்றால், அந்தச் சீழில் டாக்டர்கள் அதிகம் பார்ப்பது இந்தக் கிருமியைத்தான். இதை உலகத்துக்குக் காட்டி, பெயரும் வைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். இறந்து 90 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் வைத்த பெயர் இன்றைக்கும் நம்ம ஊர் லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வருகிறது.

யார் இவர்? சீழுக்குள் எதைத் தேடினார்? அவர் கண்டுபிடித்ததை வைத்து இன்றைக்கு ஒரு தாய் என்ன புரிந்துகொள்ளணும்?

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ஆக்ஸ்டன் பிறந்தது 1844 ஏப்ரல் 19. ஊர் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் அபர்டீன். அப்பா ஃபிரான்சிஸ் ஆக்ஸ்டன் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தடயவியல் மருத்துவப் பேராசிரியர். மகனும் அதே ஊரில் மருத்துவம் படித்தார். இடையில் வியன்னா, பெர்லின் போன்ற நகரங்களுக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தார். ஐரோப்பாவில் அப்போது மருத்துவ ஆராய்ச்சி வேகமாக நடந்துகொண்டிருந்தது ஜெர்மன் மொழி பேசும் ஊர்களில்தான். அந்த மொழியும் அங்கே கிடைத்த அறிமுகங்களும் பின்னாளில் அவருக்குப் பெரிய அளவில் கைகொடுத்தன.

1865-ல் மருத்துவப் பட்டம், அடுத்த வருஷம் எம்.டி. முதலில் அப்பாவுக்கு உதவியாளர். பிறகு அபர்டீன் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் வேலை. கண் மருத்துவத்தில் ஆரம்பித்து, 1870-களில் முழுநேர அறுவை மருத்துவர் ஆகிவிட்டார்.

அன்றைக்கு அறுவை மருத்துவர் என்பது அவ்வளவு பெருமையான வேலை இல்லை. கத்தி வைத்த பிறகு நோயாளி பிழைப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. மயக்க மருந்து வந்துவிட்டது, வலி குறைந்துவிட்டது. ஆனால் ஆபரேஷன் முடிந்த நாலைந்து நாளில் காயம் பழுத்து, உடம்பு கொதித்து, பலர் இறந்துபோனார்கள். அபர்டீன் மருத்துவமனையின் ஆபரேஷன் அறையில், இறைவனைச் சந்திக்கத் தயாராக இருக்கச் சொல்லும் ஒரு வாசகம் தொங்கியதாக ஆக்ஸ்டன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சீழ் வந்தால் நல்லதா?

இன்றைக்குக் கேட்டால் விநோதமாக இருக்கும். ஆனால் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய மருத்துவர்கள் சீழை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்று கெட்ட சீழ். இன்னொன்று கெட்டியாக, வெள்ளையாக வரும் நல்ல சீழ். காயம் ஆறும்போது நல்ல சீழ் வரத்தான் செய்யும், அது உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வதன் அடையாளம் என்று நம்பினார்கள்.

நம்ம ஊரிலும் பழுத்து உடைந்தால்தான் சரியாகும் என்று சொல்வது உண்டு. கட்டி உடைந்து சீழ் வெளியேறினால் வலி குறைவது உண்மைதான். ஆனால் சீழ் எதனால் வந்தது என்ற கேள்வியை அந்தப் பேச்சு அப்படியே விட்டுவிடும். ஆக்ஸ்டன் பிடித்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

அவர் பார்வையை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர். 1867-ல் லிஸ்டர் ஒரு புது முறையை வெளியிட்டார். கார்பாலிக் அமிலத்தால் காயத்தையும் கருவிகளையும் சுத்தம் செய்தால் காயம் பழுப்பதில்லை என்றார். பலரும் நம்பவில்லை. ஆக்ஸ்டன் நேராக லிஸ்டரிடம் போய்ப் பார்த்தார். அறுத்த இடம் சீழே இல்லாமல் ஆறுவதைக் கண்ணால் பார்த்ததும் முழுசாக மாறிவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் தன் ஆபரேஷன்களில் கார்பாலிக் புகையைத் தெளிக்க ஆரம்பித்தார். எந்த நேரமும் அந்த ஸ்பிரேயும் கையுமாக அவர் திரிந்ததைக் கிண்டல் செய்து மாணவர்கள் பாட்டே கட்டினார்கள். ஆனால் பலன் தெரிந்தது. சீழ் பிடிக்கும் பயம் குறைந்ததால், முன்பு தொடவே பயந்த மூட்டுகளைத் திறக்க முடிந்தது. 1876-ல், கால்கள் உள்பக்கமாக வளைந்து முட்டிகள் உரசிக்கொள்ளும் குறைபாட்டுக்கு முழங்கால் மூட்டைத் திறந்து அவர் செய்த ஆபரேஷன் அவர் பெயரிலேயே அழைக்கப்பட்டது.

இங்கே ஒரு முடிச்சு இருந்தது. கிருமியைத் தடுத்தால் சீழ் வரவில்லை. சரி. அப்போ சீழை உண்டாக்கும் கிருமி எது? அது எப்படி இருக்கும்? எல்லாச் சீழிலும் இருக்குமா? இதற்குத் தெளிவான பதில் லிஸ்டரிடமும் இல்லை.

ஒரு காலில் இருந்து வந்த விடை

1870-களின் கடைசியில் ஒரு இளைஞர் ஆக்ஸ்டனிடம் சிகிச்சைக்கு வந்தார். காலில் தோலுக்கு அடியில் பெரிய அளவில் சீழ் கட்டியிருந்தது. அந்தச் சீழில் ஒரு சொட்டு எடுத்து, ஊதா நிறச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உருண்டை உருண்டையாக நுண்ணுயிர்கள். சில சங்கிலி மாதிரி வரிசையாக, சில கொத்துக் கொத்தாக.

ஒரு தடவை பார்த்ததை வைத்து அவர் முடிவுக்கு வந்துவிடவில்லை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்திடம் இருந்து 50 பவுண்டு உதவித்தொகை வாங்கினார். அந்தக் காலத்தின் மிக நல்ல மைக்ரோஸ்கோப்புகளைச் செய்துவந்த ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்திடம் கருவி வாங்கினார். வீட்டை ஒட்டியே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் போட்டுக்கொண்டார். பகலில் மருத்துவமனை, மற்ற நேரத்தில் ஆய்வு.

அவர் வைத்துக்கொண்ட கேள்விகள் எளிமையானவை.

• வேகமாக வீங்கி, சூடாகி, வலிக்கும் கட்டிகளின் சீழில் இந்த உருண்டைகள் இருக்கின்றனவா? இருந்தன.

• சூடோ வலியோ அதிகம் இல்லாமல் நாள்பட்டு வளரும் கட்டிகளின் சீழில்? அவற்றில் காணவில்லை.

• உருண்டைகள் இருக்கும் சீழை எலிக்கோ கினிப்பன்றிக்கோ ஊசி மூலம் செலுத்தினால்? புதிதாகக் கட்டி வந்தது. அந்தக் கட்டியிலும் அதே உருண்டைகள்.

• அதே சீழைச் சூடாக்கியோ கார்பாலிக் கலந்தோ செலுத்தினால்? கட்டி வரவில்லை.

கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். சீழ் என்ற திரவம் மட்டுமே கட்டியை உண்டாக்குவதில்லை. அதில் உயிரோடு இருக்கும் கிருமிதான் உண்டாக்குகிறது.

அந்தக் கிருமியை உடம்புக்கு வெளியே வளர்ப்பதிலும் சிக்கல். இன்றைக்கு எல்லா லேபிலும் இருக்கும் கெட்டியான வளர்ப்புத் தட்டு அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. காற்றில் இருக்கும் வேறு கிருமிகள் வந்து கலந்துவிடும். இதற்கு அவர் பிடித்த வழி கோழி முட்டை. புதிதாக இட்ட முட்டைக்குள் சீழைச் செலுத்தி, காற்றுப் படாமல் மூடி, உள்ளே கிருமி வளர்வதைப் பார்த்தார்.

பெர்லினில் வரவேற்பு, ஊரில் சந்தேகம்

1880 ஏப்ரலில் பெர்லினில் ஜெர்மன் அறுவை மருத்துவர்களின் மாநாடு. ஆக்ஸ்டன் தன் முடிவுகளை அங்கேதான் முதலில் வைத்தார். மாணவப் பருவத்தில் படித்த ஜெர்மன் இப்போது உதவியது. அங்கே நல்ல வரவேற்பு.

அதே வருஷம் பிரான்ஸில் லூயி பாஸ்டரும் கொப்புளச் சீழில் இதே மாதிரி உருண்டைக் கிருமிகளைப் பார்த்திருந்தார். ஆனால் கட்டி என்ற நோயை நோயாளி நோயாளியாக ஆராய்ந்து, காரணம் இதுதான் என்று விலங்குச் சோதனை வரை கொண்டுபோய் நிறுவியவர் ஆக்ஸ்டன்.

1881-ல் பிரிட்டனிலும் அவர் அறிக்கை வெளியானது. ஆனால் சொந்த நாட்டில் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். லண்டனில் இருந்தோ எடின்பரோவில் இருந்தோ வராமல், வடக்கே ஒரு மூலையில் இருக்கும் அபர்டீனில் இருந்து வந்ததாலேயே அலட்சியம் செய்தவர்களும் உண்டு. அவர் குருவாக நினைத்த லிஸ்டருக்குக்கூட உடனே ஒப்புக்கொள்ளத் தயக்கம் இருந்தது.

1882-ல் அவர் அடுத்த கட்டுரையில் பெயர் வைத்தார். சங்கிலியாக இருந்தவற்றுக்கு ஜெர்மன் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் முன்பே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர் வைத்திருந்தார். கொத்தாக இருந்தவற்றுக்கு ஆக்ஸ்டன் வைத்த பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ். கட்டியாக ஓர் இடத்தில் ஆரம்பிக்கும் தொற்று ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவி உயிரை எடுப்பதும் இதே கிருமிகளால்தான் என்பதையும் அதில் விளக்கினார்.

அதே 1882-ல் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஆனார். 1909 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1884-ல் ஜெர்மன் மருத்துவர் ரோசன்பாக் இந்தக் கொத்துக் கிருமியைத் தனியாக வளர்த்து, நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். பொன்னிறமாக வளர்வது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். வெள்ளையாக வளர்ந்த இன்னொரு வகையை இப்போது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்கிறார்கள். பால் கட்டிச் சீழ் பிடிப்பதில் பெரும்பாலும் குற்றவாளி பொன்னிறக்காரர்தான்.

போர்முனையிலும் அதே கேள்வி

பெயர் வாங்கிய பிறகு ஆக்ஸ்டன் அபர்டீனிலேயே அடங்கிவிடவில்லை. 1880-களின் நடுவில் சூடான் போருக்குப் போனார். பிறகு தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கும் போனார். காயம்பட்ட வீரர்கள் குண்டால் இறந்ததைவிடத் தொற்றாலும் நோயாலும் இறந்தது அதிகம் என்பதை நேரில் பார்த்தார். பிரிட்டிஷ் ராணுவத்தின் மருத்துவப் பிரிவு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று வெளிப்படையாகப் பேசினார். அரசி விக்டோரியாவுக்கு ஸ்காட்லாந்தில் அறுவை மருத்துவராக நியமிக்கப்பட்டவர் அவர். அரண்மனைப் பொறுப்பில் இருந்துகொண்டே ராணுவத்தைக் குறை சொன்னார். அந்தப் பிரிவைச் சீரமைக்கும் முயற்சியிலும் பங்கெடுத்தார்.

1912-ல் சர் பட்டம். முதல் உலகப்போர் வந்தபோது வயது 70. அப்போதும் வீட்டில் உட்காரவில்லை. செர்பியாவின் பெல்கிரேடிலும் பிறகு இத்தாலியிலும் போய் மருத்துவ வேலை பார்த்தார்.

ஐந்து மாத இடைவெளி

அவர் வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் ஒரு தற்செயல் இருக்கிறது. 1928 செப்டம்பரில் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து லேபுக்குத் திரும்பினார். அவர் வளர்த்து வைத்திருந்த ஒரு தட்டில் பூஞ்சை விழுந்திருந்தது. பூஞ்சையைச் சுற்றி இருந்த கிருமிகள் செத்துப் போயிருந்தன. பெனிசிலின் கண்டுபிடிப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தத் தட்டில் செத்துக்கிடந்தது ஸ்டஃபைலோகாக்கஸ், ஆக்ஸ்டன் பெயர் வைத்த அதே திராட்சைக் கொத்து.

ஆக்ஸ்டன் 1929 பிப்ரவரி 1 அன்று, 84 வயதில் இறந்தார். ஃபிளெமிங்கின் கட்டுரை வெளியானது அதற்குப் பிறகு, அதே வருஷத்தின் நடுவில்தான். எதிரியை அடையாளம் காட்டியவர், அதை வெல்லும் மருந்து மனிதருக்குப் பயன்படுவதைப் பார்க்காமலே போய்விட்டார்.

சரி, தாய்ப்பாலுக்கு வருவோம்

ஆக்ஸ்டனின் ஆய்வு பொதுவாகச் சீழ்க்கட்டிகளைப் பற்றியது. அதில் இருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம்: கிருமி இருந்தால் நோய், கிருமி இல்லையென்றால் நோய் இல்லை. பல இடங்களில் இது பொருந்தும். தாய்ப்பாலுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பல தாய்மார் தேவையில்லாமல் பால் கொடுப்பதை நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான்.

முதல் விஷயம், நல்ல ஆரோக்கியமான தாயின் பாலிலும் பாக்டீரியா இருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளும் இருக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் இருக்கும். பொன்னிற ஸ்டஃபைலோகாக்கஸ்கூட, பத்தில் மூன்று பேருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் மூக்கில் குடியிருக்கிறது. ஆக, பாலில் கிருமி இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, பெரும்பாலும் பிரச்சினை கிருமியில் ஆரம்பிப்பதில்லை. பால் தேங்குவதில்தான் ஆரம்பிக்கிறது. குழந்தை சரியாகப் பிடித்துக் குடிக்காமல் இருக்கலாம். இரண்டு பால் நேரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாகலாம். திடீரென்று பால் கொடுப்பதை நிறுத்தலாம். உள்ளாடை இறுக்கமாக இருக்கலாம். பால் தேங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சுற்றியுள்ள திசு வீங்குகிறது. வீக்கம் பால் குழாய்களை நெருக்க, பால் இன்னும் தேங்குகிறது. மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வரலாம். இது வரைக்கும் கிருமித் தொற்று இல்லாமலேயே நடக்கலாம்.

இதைத்தான் நம்ம ஊரில் பால் கட்டிக்கிச்சு என்கிறார்கள். மருத்துவத்தில் மார்பக அழற்சி.

இதற்கு மேல்தான் தொற்று. காம்பில் வெடிப்பு இருந்தால் அந்த வழியாகவும் கிருமி உள்ளே போகலாம், ஏற்கெனவே உள்ளே இருக்கும் கிருமியே பெருகவும் செய்யலாம். அதையும் கவனிக்காமல் விட்டால் சிலருக்குச் சீழ்க்கட்டியாக மாறும். ஆக்ஸ்டன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த கொத்து, இந்தக் கடைசிக் கட்டத்தின் கொத்து.

1984-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று இந்தக் கட்டங்களைத் தெளிவாகப் பிரித்தது. பாலில் இருக்கும் வெள்ளை அணுக்களையும் பாக்டீரியாவையும் எண்ணி, வெறும் பால் தேக்கம், தொற்று இல்லாத அழற்சி, தொற்றுள்ள அழற்சி என்று மூன்று வகை ஆக்கினார்கள். தொற்றுள்ள வகையில் சிகிச்சையே இல்லாமல் விட்டவர்களில் நல்ல பலன் கிடைத்தது 15 சதவீதம் பேருக்குத்தான். பாலை முறையாக வெளியேற்றியவர்களில் சுமார் பாதிப் பேருக்கு. பாலையும் வெளியேற்றி, ஆன்டிபயாடிக்கும் எடுத்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு.

அதாவது மாத்திரை மட்டும் போதும் என்பதும் சரியில்லை, மாத்திரையே வேண்டாம் என்பதும் சரியில்லை. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பால் கட்டியிருக்கும் பக்கத்திலும் கொடுக்கலாம். நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனம் உட்படப் பல அமைப்புகளின் நிலை. அழற்சி இருக்கும்போது பாலில் உப்பு கூடுவதால் சுவை கொஞ்சம் மாறலாம், சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அது பால் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

சீம்பாலில் ஆரம்பித்து எல்லாத் தாய்ப்பாலிலும் கிருமியை எதிர்க்கும் பொருட்கள் இருக்கின்றன. பால் கெட்டுப்போச்சு, குழந்தைக்குக் கொடுக்காதே என்று வீட்டில் யாராவது சொல்லி, திடீரென்று நிறுத்தினால், தேக்கம் அதிகமாகிச் சீழ் பிடிக்கும் வாய்ப்புதான் கூடும். குறைமாதக் குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கணும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இது ஏன் முக்கியம்?

தேனி மாவட்டத்தில் பெண்களின் வேலை நேரத்தைக் கொஞ்சம் பார்த்தாலே புரியும். கம்பம், போடி பக்கத்து ஊர்களில் இருந்து விடியற்காலையில் ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். கைக்குழந்தை வீட்டில் பாட்டியிடம் இருக்கும். காலையில் கொடுத்த பாலுக்குப் பிறகு அடுத்த பால் இருட்டும் நேரத்தில்தான். நடுவில் பல மணி நேரம் பால் தேங்கி நிற்கும்.

சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. கம்பெனிக்குத் திரும்பும் இளம் தாய்க்கும் இதே கதைதான். அங்கே ஜீப்புக்குப் பதில் கேப், தோட்டத்துக்குப் பதில் மீட்டிங்.

வித்தியாசம் சட்டத்தின் கைநீளத்தில் இருக்கிறது. 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் தினமும் இரண்டு இடைவேளை தரச் சொன்னது. 2017 திருத்தம் 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கொண்டுவந்தது. ஆனால் தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இடைவேளை கிடைத்தாலும் குழந்தை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவருக்கு இருக்கும் நடைமுறை வழி, நடுவில் ஒரு தடவையாவது மறைவான இடத்தில் கையால் பாலைப் பீய்ச்சி வெளியேற்றுவது. அழுத்தம் குறையும் அளவுக்கு எடுத்தாலே போதும்.

என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கணும்?

முன்பு சொல்லப்பட்ட சில அறிவுரைகள் இப்போது மாறியிருக்கின்றன. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு ஒன்று 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் முக்கியமானது.

• குழந்தை கேட்கும்போதெல்லாம் வழக்கம்போலப் பால் கொடுக்கணும். மார்பு முழுசாகக் காலியாகணும் என்று பம்ப் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்தால், பால் சுரப்பு கூடி வீக்கமும் கூடும்.

• கட்டியை உடைக்கிறேன் என்று அழுத்தித் தேய்க்கக் கூடாது. உள்ளே அடைத்திருப்பது கல் மாதிரியான கட்டி இல்லை, வீங்கிய திசு. அழுத்தினால் காயம்தான் ஆகும். லேசாகத் தடவினால் போதும்.

• பால் கொடுத்த பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். வெந்நீர் ஒத்தடம் சிலருக்கு இதமாக இருக்கலாம், ஆனால் நீண்ட நேரம் கொடுத்தால் வீக்கம் கூடலாம்.

• மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம்ம பக்கம் உண்டு. அது பால் சுரப்பைக் குறைக்கும் என்பதை 1988-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வும் காட்டியது. தொடர்ந்து பால் கொடுக்க நினைக்கும் தாய் அதைச் செய்தால் பால் வற்றிப்போகலாம்.

• வலிக்கும் காய்ச்சலுக்கும் பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரோ கிராமச் செவிலியரோ சொன்னதை எடுக்கணும்.

• மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துவது ஆபத்து. பெனிசிலின் வந்த சில வருஷங்களிலேயே ஸ்டஃபைலோகாக்கஸ் அதை எதிர்க்கப் பழகிக்கொண்டது. அதற்கு மாற்றாக வந்த மெத்திசிலினுக்கும் 1961-லேயே எதிர்ப்பு தென்பட்டது. அரைகுறையாகச் சாப்பிடும் ஒவ்வொரு கோர்ஸும் கிருமிக்குத்தான் பயிற்சி.

எப்போது டாக்டரிடம் போகணும்?

ஒரு நாளுக்குள் வலியும் காய்ச்சலும் குறையவில்லை என்றால் போகணும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், காம்பில் சீழ், தொட்டால் உள்ளே திரவம் அசையும் கட்டி, உடம்பு தள்ளாடும் அளவுக்குச் சோர்வு இருந்தால் அன்றைக்கே போகணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம், தேவைப்பட்டால் கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள்.

சீழ்க்கட்டி என்றாலே பெரிதாகக் கிழிப்பார்கள் என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் உண்டு. இப்போது பல நேரங்களில் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சீழை லேபுக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து மருந்தை முடிவு செய்கிறார்கள். மருந்து முடிந்தும் சிவப்போ கட்டியோ போகவில்லை என்றால் வேறு நோய் இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்கணும். அபூர்வமாக மார்பகப் புற்றுநோயும் இதே மாதிரி தோற்றம் காட்டும்.

சீழை உடம்பின் இயல்பு என்று விட்டுவிடாமல் அதன் காரணத்தைத் தேடியது ஆக்ஸ்டன் செய்த வேலை. பால் கட்டும் விஷயத்தில் அந்தத் தேடல் இன்னும் ஒரு படி முன்னால் போயிருக்கிறது. கிருமிக்கு முன்னால் தேக்கம் இருக்கிறது. தேக்கத்துக்கு முன்னால், பால் கொடுக்க நேரம் கிடைக்காத ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் வீட்டில் இருப்பவர்களும் வேலை கொடுப்பவர்களும் தாய்க்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தால், பல பெண்களுக்கு லேப் ரிப்போர்ட் வரை போகவேண்டிய தேவையே வராது.